நுவரெலியா மாவட்டம், பயோ, இரண்டாவது ஷை: மருத்துவ பீடம் கிடைக்குமா, மூன்றாவது முறையும் எழுதுவதா?

மஸ்கெலியா பயோ

எல்லாருக்கும் வணக்கம். என் வீடு மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஹட்டனில் ஏ.எல். (உயர்தரம்) பயோ படித்தேன், 2024 பரீட்சை எனக்கு இரண்டாவது ஷை (தடவை). உயிரியல் ஏ, பௌதிகவியலும் இரசாயனவியலும் பி. முதல் தடவை இரண்டு சி, ஒரு எஸ் என்பதால் வீட்டில் இது பெரிய சந்தோஷம். அப்பா காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வைத்தே எல்லாரிடமும் சொல்லிவிட்டார், இப்போது லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) சின்னப்பிள்ளைகள் கூட "டொக்டர் அக்கா" என்று கூப்பிடுகிறார்கள். எனக்குத்தான் இரவில் தூக்கம் வருவதில்லை.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியை முழுதாக எழுதினால் எங்கள் பக்கத்தில் யாரென்று தெரிந்துவிடும், அதனால் இடைவெளியை மட்டும் சொல்கிறேன். போன வருடம் நுவரெலியா மாவட்டத்துக்கு மருத்துவ பீடங்களில் ஆகக் குறைந்த வெட்டுப்புள்ளி (கடைசியாக எடுபட்டவரின் இசட் புள்ளி) எதுவோ, அதைவிட எனக்கு 0.04 குறைவு. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு இடைவெளி இன்னும் அதிகம். மாவட்ட நிலை அறுபதுக்குக் கிட்ட. ஜெனரல் பேப்பர் பாஸ்.

பேராதனை என்பது சின்ன வயதிலிருந்தே ஆசை. ஹட்டனிலிருந்து கண்டி பஸ்ஸில் போகும்போது கம்பளை தாண்டி அந்த மரங்கள் தெரியத் தொடங்கியதும் அம்மா என்னைத் தட்டி எழுப்பிக் காட்டுவா. இப்போது ஒரே குழப்பம். கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா, இல்லை என்றால் நவம்பரில் மூன்றாவது ஷை எழுதுவதா, விண்ணப்பத்தில் எதை எதை எந்த வரிசையில் போடுவது? எங்கள் தோட்டத்திலிருந்து இதற்கு முன் யாரும் போகவில்லை, கேட்க ஆள் இல்லை.

லிந்துலை

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். கசப்பாக இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். 0.04 சின்ன இடைவெளி மாதிரித் தெரியும், ஆனால் அந்த இடைவெளிக்குள் உங்கள் மாவட்டத்திலேயே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும். என் தங்கை இதே மாதிரி ஒரு நூலிழையில் தவறவிட்டு, மூன்றாவது ஷைக்கு ஒரு வருடம் முழுக்க வீட்டில் இருந்து படித்து, கடைசியில் இரண்டாவது தடவையை விடக் குறைவாக எடுத்தாள். அந்த வருடம் அம்மா ஒரு நாள் கூட வேலைக்கு லீவு போடவில்லை, அவள் டியூஷனுக்கு ஹட்டன் போக வர பஸ் காசு அதில்தான் வந்தது. முடிவு வந்த அன்று அவள் அழுததை விட அம்மா அழாமல் இருந்ததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. கிடைக்கிற பாடநெறியை எடுத்துக்கொண்டு போங்கள். தாதியம், மருந்தகவியல் எல்லாம் நல்ல படிப்பு.

பெரா அக்கா

லிந்துலை அண்ணா சொல்வது உண்மையான அனுபவம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தங்கச்சி தன் வாய்ப்பைச் சரியாகக் கணக்குப் பார்க்காமலேயே கைவிடக் கூடாது. நான் பொகவந்தலாவை, பேராதனையில் மருத்துவம் நாலாம் வருடம்.

மருத்துவத்துக்கு ஆட்களை எடுக்கும்போது 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதத்தை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி பிரிப்பார்கள். மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்திருக்கிற 16 மாவட்டங்களுக்கு, அதில் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது, இரத்தினபுரியும் இருக்கிறது. அதனால் மாவட்ட நிலை அறுபது என்றால் அறுபது இடம் இருந்தால்தான் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். உனக்கு மேலே நிற்கிறவர்களில் திறமை அடிப்படையில் போகிறவர்கள் மாவட்ட இடத்தைத் தொடுவதில்லை. அவர்களைக் கழி. அப்புறம் மேலே இருக்கிறவர்களிலும் மருத்துவமே வேண்டாம் என்று வேறு படிப்புக்குப் போகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் எப்போதும் இருப்பார்கள். பதிவுக்கு வராதவர்களின் இடத்துக்குப் பிறகு வெற்றிடம் நிரப்புவார்கள், அதில் கடைசிச் சில பேர் மேலே வருவது நான் கண்ணால் பார்த்தது. என் பட்சிலேயே ஒருத்தி எல்லாரும் வந்து மூன்று கிழமைக்குப் பிறகு பெட்டியோடு வந்தாள், இப்போது எங்கள் எல்லாரையும் விட நன்றாகச் செய்கிறாள்.

பேராதனை மட்டும் என்று மனதைக் கட்டி வைத்திருக்கிறாயே, அதைத்தான் அவிழ்க்க வேண்டும். இடைவெளி உனக்குக் குறைவாக இருப்பது வேறு பீடங்களில். கொழும்பு, பேராதனை, களனி, ஜயவர்தனபுர எல்லாம் மேலே போட்டுவிட்டு "தூரம்" என்று மட்டக்களப்பையும் அநுராதபுரத்தையும் காலியையும் விட்டுவிட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். மருத்துவம்தான் வேண்டும் என்றால் யாழ்ப்பாணம், கிழக்கு (மட்டக்களப்பு), ரஜரட்ட (அநுராதபுரம்), ருகுண (காலி), வயம்ப, சப்ரகமுவ, மொரட்டுவ என்று ஒன்று விடாமல் எழுது. எங்கே படித்தாலும் ஐந்து வருடம், எல்லாம் ஆங்கிலத்தில், முடிந்ததும் ஒரு வருடப் பயிற்சி, அப்புறம் நீ ஒரு டொக்டர்.

பதுளை சேர்

மகள், நான் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். இசட் புள்ளி எப்படி வருகிறது என்று பிள்ளைகளுக்கு நாங்கள் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால்தான் போன வருட வெட்டுப்புள்ளியை வைத்துக்கொண்டு இந்த வருடத்துக்குப் பயப்படுகிறீர்கள்.

ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, திட்ட விலகலால் பிரிப்பார்கள். பௌதிகவியலில் சராசரி 38, விலகல் 16 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 62 எடுத்தவருக்கு 1.5. அதே 62ஐ சராசரி 50, விலகல் 16 உள்ள ஒரு பாடத்தில் எடுத்தால் 0.75 தான். இப்படி மூன்று பாடத்துக்கும் வருவதைக் கூட்டி மூன்றால் பிரித்ததுதான் உங்கள் கையில் இருக்கிற இலக்கம். அந்தப் பரீட்சையில் உங்களோடு எழுதியவர்கள் எப்படிச் செய்தார்களோ அதை வைத்து வருகிற இலக்கம் அது. அதனால் ஒரு வருட வெட்டுப்புள்ளி அடுத்த வருடம் அசையாமல் நிற்காது, மேலேயும் போகும், கீழேயும் வரும். மருத்துவ பீடங்கள் எடுக்கும் தொகையைக் கூட்டினால் கீழே வரும். ஒரு வருடத்தைப் பார்க்காதீர்கள். கடைசி நாலு வருடத்து நுவரெலியா நிரலை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி, வருடத்துக்கு வருடம் எவ்வளவு அசைந்திருக்கிறது என்று பாருங்கள். அசைவு உங்கள் 0.04ஐ விடப் பெரிதாக இருந்தால் நீங்கள் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறீர்கள்.

மூன்றாவது ஷை எழுதுவதாக இருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள்: இப்போது எடுத்த ஏ அப்படியே கூட வராது. மூன்று பாடத்தையும் ஒரே தடவையில் திரும்ப எழுத வேண்டும். அத்தோடு அதுதான் கடைசி வாய்ப்பு.

கலஹா

இதில் ஒரு விஷயத்தை நான் சொல்லியே ஆக வேண்டும். நாங்களும் தோட்டம்தான், அம்மா கொழுந்து பறிக்கிறா, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருந்ததே இல்லை. ஆனால் கலஹாவும் தெல்தோட்டையும் கண்டி மாவட்டம். கண்டி அந்த 16 மாவட்டத்தில் இல்லை. மாத்தளையும் இல்லை, கேகாலையும் இல்லை. அதனால் நகரத்துப் பெரிய பாடசாலைகளில் நாலு டியூஷன் வைத்துப் படிக்கிற பிள்ளையோடு ஒரே நிரலில் நிற்கிறோம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற என் மச்சாளுக்கு நுவரெலியா, எனக்குக் கண்டி, இரண்டு பேர் வீட்டிலும் ஒரே கூரைத்தகரம். மாவட்டம் என்று பார்க்கிறவர்கள் பாடசாலையைப் பார்க்க வேண்டாமா?

தங்கச்சி மீது பொறாமையில் எழுதவில்லை, தங்கச்சிக்குக் கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

பெரா அக்கா

கலஹா, நீங்கள் சொல்வது சரி. நுவரெலியாவுக்குள்ளும் அதே கதைதான். 2012 குடிசன மதிப்பீட்டில் இந்த மாவட்டத்தில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர், ஆனால் இந்த மாவட்டத்திலிருந்து வந்த என் பட்ச் ஆட்களில் பாதி தோட்டத்துப் பிள்ளைகள் இல்லை, கிட்டவும் இல்லை. மாவட்டத்துக்கு ஒதுக்கீடு வருகிறது, லயத்துக்கு வருவதற்கு இடையில் நிறையப் படி இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் இருக்கிற தமிழ்ப் பாடசாலை விரல் விட்டு எண்ணுகிற அளவு, அதற்கும் பஸ் ஏற வேண்டும்.

மஸ்கெலியா பயோ

எல்லாருக்கும் நன்றி. சேர் சொன்ன மாதிரி நாலு வருடத்தை எழுதிப் பார்த்தேன். ஒரு வருடம் மட்டும் பெரிதாக அசையவில்லை, மற்ற இரண்டு தடவையும் என் இடைவெளியை விடக் கூட அசைந்திருக்கிறது, ஒன்று மேலே, ஒன்று கீழே. அதைப் பார்த்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், கேட்க வெட்கமாக இருக்கிறது. டியூஷனில் கூடப் படித்த ஒருவர் கொழும்பு மாவட்டம், என்னை விட இசட் புள்ளி கூட, அவருக்குக் கிடைக்காது என்று தெரியும். அவர் நேற்று போனில் "உனக்கென்ன, கோட்டாவில் போய்விடுவாய்" என்றார். அதிலிருந்து கிடைத்தாலும் அது என்னுடையது இல்லையோ என்று மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் பாடசாலையில் பன்னிரண்டாம் வகுப்பில் எட்டு மாதம் பௌதிகவியலுக்கு ஆள் இல்லை, புத்தகத்தை நாங்களே வாசித்தோம். நுணுக்குக்காட்டி ஒன்றுதான், வெங்காயத் தோலை வைத்துப் பார்த்தது ஒரே ஒரு தடவை, வரிசையில் நான் போய்க் கண்ணை வைக்கும்போது மணி அடித்துவிட்டது. இதையெல்லாம் அவரிடம் சொல்லத் தெரியவில்லை. பரீட்சையும் மழையில் நடுவில் நின்றது, நவம்பர் 25 தொடங்கி மூன்றாம் நாளே நிறுத்தி டிசம்பர் 4 தான் திரும்ப ஆரம்பித்தார்கள், அந்த ஒரு கிழமையும் மண் சரியுமோ என்று கோயில் மண்டபத்தில் படுத்திருந்தோம்.

பெரா அக்கா

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நானும் கேட்டிருக்கிறேன், முதல் வருடத்தில், சாப்பாட்டு மேசையில்.

தங்கச்சி, எட்டு மாதம் ஆசிரியர் இல்லாமல் நீ எடுத்த பியும், வாரத்துக்கு மூன்று வகுப்புப் போய் ஒருவர் எடுத்த ஏயும் ஒரே தூரம் ஓடி வந்தவை இல்லை. அந்தத் தூரத்தை அளக்க வேறு கருவி இல்லாததால்தான் மாவட்டத்தை வைத்து அளக்கிறார்கள். உள்ளே போன பிறகு ஒதுக்கீடு கிடையாது. அதே பேப்பர், அதே வைவா (வாய்மொழிப் பரீட்சை), அதே பாஸ் மார்க். நான் முதல் உடற்கூற்றியல் பரீட்சையில் ஃபெயில். மூன்று பாடமும் தமிழில் படித்துவிட்டு வந்தவள், விரிவுரையில் "கிளாவிக்கிள்" என்று அவர் சொல்லும்போது அதுதான் நான் படித்த காறை எலும்பு என்று விளங்கவே எனக்கு இரண்டு நாள் எடுத்தது. ஒரு சின்னக் கொப்பியில் இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று ஒவ்வொரு எலும்பாக எழுதினேன். இரண்டாவது பரீட்சையில் பாஸ், அதற்குப் பிறகு ஒன்றிலும் விழவில்லை. அந்தக் கொப்பி இப்போது மூன்றாவது ஆள் கையில் இருக்கிறது, நீ வந்தால் உனக்கு.

அந்த நண்பர் மேல் கோபப்படாதே, அவருக்கும் வலிதான். ஆனால் அவருடைய வலிக்காக உன்னுடைய இடத்தை நீ திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

லிந்துலை

இதை வாசித்த பிறகு நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். வீட்டில் இருந்து படிப்பதற்குத்தான் பயம், எழுதுவதற்கு இல்லை. கைக்கு வருகிற பாடநெறி வரட்டும், பதிவுக் கடிதம் வருகிற வரைக்கும் படிப்பை நிறுத்தாமல் இருங்கள். என் தங்கை இப்போது பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்து முடித்து எங்கள் பக்கமே விஞ்ஞானம் படிப்பிக்கிறாள், அவள் வகுப்பில் நுணுக்குக்காட்டிக்கு வரிசை இல்லை, அவளே காசு சேர்த்து இன்னொன்று வாங்கினாள்.

ஊவா தேயிலை

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மருத்துவத்துக்குக் கீழே என்ன போடுவது என்று யாரும் விரிவாகச் சொல்லவில்லை, அங்கேதான் நிறையப் பேர் அவசரத்தில் எதையாவது எழுதுகிறார்கள். நான் பதுளை ஊவா வெல்லஸ்ஸ. 2005ல் தொடங்கிய பல்கலைக்கழகம், அதில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது, பயோ படித்தவர்கள் போகலாம். எங்கள் ஆட்கள் நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறிக்கிறோம், அந்த இலை தொழிற்சாலைக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று நான் இருபத்தொரு வயதில்தான் படித்தேன். வாட வைக்கிற தட்டுக்கு முன்னால் நின்று ஈரப்பதம் எடுக்கும்போது என் அம்மா நிறுவைக்கு முன்னால் நிற்கிறதுதான் நினைவு வந்தது. இப்போது ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை.

மருத்துவம்தான் என் கனவு என்றால் இது உங்களுக்கு இல்லை, பரவாயில்லை. ஆனால் நாற்பதாவது விருப்பமாக எழுதுவதைக் கூட உண்மையாகவே போவீர்களா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். விருப்ப வரிசையில் மேலே இருப்பது கிடைத்தால் கீழே இருப்பதைத் திரும்பக் கேட்க முடியாது.

பதுளை சேர்

சரியாகச் சொன்னீர்கள். வரிசையைப் பற்றி ஒரு தவறான பேச்சு எங்கும் இருக்கிறது: "கிடைக்காததை மேலே போட்டால் ஒரு இடம் வீண்" என்று. வீண் இல்லை. முதல் விருப்பத்துக்குப் புள்ளி போதாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், அங்கே உங்களைக் கீழே தள்ளுவதில்லை. அதனால் வெட்டுப்புள்ளி வரிசையில் எழுதாதீர்கள், உங்கள் ஆசையின் வரிசையில் எழுதுங்கள். முதலில் மருத்துவ பீடங்கள் எல்லாம், பேராதனையை முதலாவதாகவே போடுங்கள். அதற்குப் பிறகு பல் மருத்துவமும் கால்நடை மருத்துவமும். கால்நடை மருத்துவ பீடம் நாட்டிலேயே பேராதனையில் மட்டும்தான் இருக்கிறது, மலைநாட்டில் மாடு வளர்க்கிற எத்தனை குடும்பம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பிறகு சித்த மருத்துவம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும். பிறகு பேராதனையில் இணைச் சுகாதார விஞ்ஞானங்கள்: மருத்துவ ஆய்வுகூடம், மருந்தகவியல், இயன்மருத்துவம், கதிர்ப்படவியல், தாதியம். இவற்றுக்குள் எது முன், எது பின் என்பது உங்கள் மனது.

கலஹா

சேர், மாவட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி. என் தம்பி ஓ.எல். (சாதாரண தரம்) வரை நுவரெலியா மாவட்டத்தில் சித்தி வீட்டில் நின்று படித்தான், இப்போது ஏ.எல். கண்டியில். அவனுக்கு எந்த மாவட்டம்?

பதுளை சேர்

பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்று பார்ப்பார்கள். மூன்று வருடமும் ஒரே மாவட்டம் என்றால் அதுதான். இரண்டு மாவட்டம் கலந்திருந்தால் நிரந்தர வதிவிடத்துக்குப் போகும். அதனால் தேர்தல் இடாப்பில் அப்பா அம்மா பெயர் எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள். தோட்டத்தில் லயம் மாறும்போது இது விடுபட்டுப்போய்ப் பிறகு பிள்ளைகள் ஓடித் திரிவதைப் பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் இருக்கிறது, அந்தப் பக்கத்தை வரிக்கு வரி வாசியுங்கள்.

மஸ்கெலியா பயோ

விண்ணப்பம் போட்டுவிட்டேன். நேற்று அப்பா அரைப்பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) வேலையை விட்டுவிட்டு வந்தார், இரண்டு பேரும் மஸ்கெலியா டவுனில் கொமியூனிகேஷன் கடைக்குப் போனோம். நான் ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க அப்பா பக்கத்தில் நின்று விரல் மடித்து எண்ணிக்கொண்டே இருந்தார். பேராதனை முதலாவது, பிறகு மருத்துவ பீடம் ஒன்று விடவில்லை, மட்டக்களப்பு வந்ததும் அப்பா "அங்கே மாரியம்மன் கோயில் இருக்கும்தானே" என்றார், அவ்வளவுதான் அவருடைய கேள்வி. பல் மருத்துவம், கால்நடை, பிறகு ஆய்வுகூடம், மருந்தகவியல். தாதியத்தை விட மருந்தகவியலை மேலே போட்டேன், ஏனென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, மனதுக்கு அப்படித்தான் பட்டது.

மூன்றாவது ஷைக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். டியூஷனுக்கு ஹட்டன் போக மாட்டேன், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பழைய பேப்பர் பத்து வருடத்துக்கு இருக்கிறது, அதில் பௌதிகவியலில்தான் தொடங்குகிறேன். லிந்துலை அண்ணா, உங்கள் தங்கையிடம் ஒரு தடவை போனில் பேச முடியுமா? வருகிற வருடம் எங்கள் தம்பி ஓ.எல்., அவனுக்கும் விஞ்ஞானத்தில் கேட்க நிறைய இருக்கிறது.

லிந்துலை

நம்பரை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எடுங்கள், அன்றைக்குத்தான் அவள் இருக்கிற பக்கம் சிக்னல் ஒழுங்காக இருக்கும்.

பெரா அக்கா

விண்ணப்பத்தின் பிரதி ஒன்றை எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வை, லயத்தில் ஈரம். வெட்டுப்புள்ளி வருகிற அன்று எனக்கு எழுது, எந்த நேரமானாலும் சரி.